சாலைப் பணியும் ஊர்க் கிணறும்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்

சாலை வந்தால் ஊர் வளரும் என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. விளைந்த நெல்லும் பிடித்த மீனும் வாடாமல் சந்தை சேர்வதற்கும், பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வதற்கும், நோயாளி காலத்தில் மருத்துவமனை அடைவதற்கும் சாலையே துணை. ஆனால் சாலைக்கும் அதன் அடியில் ஓடும் நிலத்தடி நீருக்கும் உள்ள தொடர்பைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல நிலத்தில் இத்தொடர்பால் பெருந்தீங்கு விளைவதில்லை. இரசாயனக் கழிவு படிந்த நிலத்தின் அருகே சாலை செல்லுமானால், அந்தத் தொடர்பு ஊரின் குடிநீரைக் கெடுக்கும் அளவுக்கு வலிமை பெற்றுவிடுகிறது. பணி முடிந்து, இயந்திரங்கள் போய், பல மாதங்கள் சென்ற பின்னரே கிணற்றில் அதன் விளைவு தெரியவரும். அப்போது அதைச் சீர்செய்வது எளிதன்று. ஆகவே முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளை இங்கே விளக்க முற்படுகிறேன்.

கடலூர் – சிதம்பரம் வழி

கடலூர் பழைய நகரைக் கடந்து தெற்கே சிதம்பரம் நோக்கிச் செல்பவர்கள், சாலையை ஒட்டி உப்பனாற்றின் கரையோரமாகச் சிப்காட் இரசாயனத் தொழிற்பேட்டை நீண்டு கிடப்பதைக் காணலாம். 1980-களில் உருவான பேட்டை அது. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், காரைக்காடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்கள் அதைச் சூழ்ந்துள்ளன. 2009-ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து மதிப்பெண் இட்டது. 70-க்கு மேற்பட்ட மதிப்பெண் பெற்ற 43 இடங்கள் கடுமையாக மாசடைந்தவை எனக் கொள்ளப்பட்டன. கடலூர் பெற்ற மதிப்பெண் 77.45. 2025 மே மாதத்திலும் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, குடிகாட்டில் வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்தது.

இந்த வழியே செல்லும் நெடுஞ்சாலை முன்னர் 45ஏ என்றும் இப்போது 32 என்றும் எண் பெற்றது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் வரையிலான தடத்தில் அண்மை ஆண்டுகளில் நான்கு வழிச் சாலைப் பணி நடந்துள்ளது. பெருஞ்சாலை அமைந்தபின் இணைப்புச் சாலைகள், சிறுபாலங்கள், வடிகால்கள், சாலையோரக் குடிநீர்க் குழாய்கள் என்று பணிகள் தொடர்வது இயல்பு. இவற்றுள் பல நம் ஊராட்சி எல்லைக்குள்ளேயே நடைபெறுபவை. எனவே இதை நெடுஞ்சாலைத் துறையின் கவலை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

மண்ணுக்குள் ஓடும் நீர்

நிலத்தடி நீர் கிணற்றுக்குள் தேங்கி நிற்பது போலத் தோன்றினாலும், உண்மையில் அது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம் பகுதியில் பொதுவாக மேற்கே மேட்டு நிலத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கி அது செல்கிறது. மணல் அடுக்கில் விரைவாகவும் களிமண்ணில் மிக மெதுவாகவும் நகரும். கடற்கரையை ஒட்டிய இந்நிலத்தில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ளன. மேலடுக்கில் உள்ள நீர் சில மீட்டர் ஆழத்திலேயே கிடைக்கும். கழிவு முதலில் சேர்வதும் அங்கேதான். அதன்கீழ் உள்ள களிமண், ஆழத்து நல்ல நீருக்கு மூடி போல அமைந்து காக்கிறது.

ஒரு கணக்கைக் காண்போம். நடுத்தர மணல் நிலத்தில் நீர்மட்டம் 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவதாகக் கொண்டால், நீர் நாளொன்றுக்கு 8 செண்டிமீட்டர் அளவே நகரும். ஓராண்டில் ஏறத்தாழ 29 மீட்டர் செல்லும். அதே நிலத்தில் சிறுபாலத்தின் அடித்தளத்துக்காகக் குழி தோண்டி, பம்பு வைத்து, நீர்மட்டத்தை 3 மீட்டர் தாழ்த்துவதாகக் கொள்வோம். அதன் விளைவு குழியைச் சுற்றிலும் சுமார் 100 மீட்டர் வரை தெரியும். சரிவு 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்று செங்குத்தாகிவிடும். இப்போது நீர் ஒரு மாதத்தில் 40 மீட்டர் நகர்கிறது. அதாவது, ஓராண்டுக்கு மேல் ஆகவேண்டிய பயணம் ஒரே மாதத்தில் முடிந்துவிடுகிறது. அது மட்டுமன்று; நீர் தன் பழைய திசையை விட்டுக் குழியை நோக்கித் திரும்பிவிடுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் என்று எண்ண வேண்டா. நெய்வேலியில் 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியபோது, பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரே பெருந்தடையாக இருந்தது. சுற்றிலும் குழாய்க் கிணறுகள் அமைத்து இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே நிலக்கரியை எடுக்க முடிந்தது. ஓரிடத்தில் இறைப்பது தொலைவிடத்து நீரையும் அசைக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உள்ள சான்று இது. சாலைக் குழியின் அளவு சிறிது, விதி ஒன்றே.

மூவகைத் தீங்கு

சாலைப் பணி நிலத்தடி நீருக்கு மூன்று வகையில் தீங்கு செய்யக்கூடும். அவை இழுத்தல், மறித்தல், வழிதிறத்தல்.

இழுத்தல் மேலே கண்டதுதான். கழிவு படிந்த இடத்துக்கும் ஊர்க் கிணற்றுக்கும் இடையே குழி அமைந்தால், இறைக்கும்போது கழிவு நீர் குழிவரை வந்துவிடும். இறைப்பை நிறுத்தியபின் அது அங்கிருந்து இயல்பான சரிவில் ஊரை நோக்கி நகரும். உப்பு போன்று நீரில் கரைந்தவை நீரின் வேகத்திலேயே செல்லும். உலோகங்கள் மண்ணில் ஒட்டி மெதுவாக வரும். மேலும் உப்பனாற்றின் ஓரத்தில் கடல்நீரின் தொல்லையும் உண்டு. கடற்கரை நிலத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் தாங்கி நிற்கும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் கீழே உப்புநீர் பெரிதும் ஏற வாய்ப்புண்டு.

மறித்தல் என்பது, இறுக்கி அமைத்த சாலைக் கரையோ ஆழ்ந்த சுவரோ நீரின் வழியைத் தடுப்பது. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் நயாகரா நகரில் உள்ள லவ் கால்வாய். 1942 முதல் 1953 வரை ஓர் இரசாயனத் தொழிற்சாலை அங்கே ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்துக் களிமண்ணால் மூடிற்று. பின்னர் அந்நிலம் ஒரு டாலர் விலைக்குப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு மாறியது. பள்ளியும் வீடுகளும் எழுந்தன. கழிவுநீர்க் குழாய்களுக்குத் தோண்டியபோது களிமண் அரண் உடைந்தது. ஆற்றுக்கும் அவ்விடத்துக்கும் இடையே அமைந்த விரைவுச் சாலை, நிலத்தடி நீர் நயாகரா ஆற்றை அடைவதைத் தடுத்ததும் ஒரு காரணம் என்பர். மேலிருந்து புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றித் தொட்டிபோல நிரம்பி, கழிவையும் சுமந்துகொண்டு வீடுகளின் நிலவறைகளில் கசிந்தது. 1978 ஆகஸ்டு 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அங்கே நெருக்கடி நிலையை அறிவித்தார். குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

வழிதிறத்தல் மூன்றாவது. வடிகாலுக்கும் குழாய்க்கும் அடியில் ஜல்லியும் மணலும் பரப்புகிறோம். அந்தப் பரப்பே நீருக்குக் கால்வாயாகி, கழிவை நெடுந்தொலைவு கொண்டு செல்லும். பாலத்தூணுக்குத் துளையிடும்போது மேலடுக்குக்கும் ஆழடுக்குக்கும் இடையே உள்ள களிமண் மூடி துளைபடும். எல்லாவற்றிலும் கொடியது, சாலைக்குள் அகப்பட்டுக் கைவிடப்படும் கிணறு. அதில் இடிந்த செங்கல்லையும் மண்ணையும் தள்ளி மேலே சாலை போட்டுவிட்டால், மேலடுக்குக் கழிவு ஆழத்து நீருக்கு இறங்க நாமே படிக்கட்டு அமைத்தவர்கள் ஆவோம்.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பி மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் ஆணையிட்டது. குழந்தைகள் தவறி விழாதிருக்க எழுந்த ஆணை அது. களிமண், மணல், கூழாங்கல் முதலியவற்றுள் எதைக்கொண்டும் நிரப்பலாம் என்பது அதில் கண்டது. குழந்தைகளைக் காக்க மணலும் போதும். நீரைக் காக்க மணல் போதாது. ஏனெனில் மணல் நீரை விடும். கழிவு நிலத்தின் அருகே உள்ள கிணற்றைச் சிமென்டும் பென்டோனைட் களிமண்ணும் கலந்த குழம்பைக் குழாய் வழியாக அடியிலிருந்து மேலாகச் செலுத்தி அடைப்பதே முறை.

இறைத்த நீரும் இலவச மண்ணும்

குழியில் இறைத்த நீரை எங்கே விடுவது? பெரும்பாலும் அருகில் உள்ள குட்டையிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகிறார்கள். கோடைக்காலத்தில் இது ஓர் உபகாரமாகவும் தோன்றும். எங்கள் பகுதியில் ஓர் ஊரில், சிறுபாலப் பணியின் மேற்பார்வையாளர், "தலைவரே, உங்கள் குட்டை காய்ந்து கிடக்கிறதே, நாங்கள் நிரப்பித் தருகிறோம்" என்று கூறினார். ஊரார் மகிழ்ந்தனர். மாடு வளர்க்கும் ஒரு மூதாட்டி மட்டும், "ஐயா, என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இந்தத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டீர்களா?" என்றார். அந்த ஒரு கேள்வியால் பம்பு நின்றது. நீரைச் சோதித்துப் பார்க்க முடிவாயிற்று. படித்த அலுவலர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்த அம்மையார் கேட்டார்.

கழிவு நிலத்தருகே இறைத்த நீர், சோதித்துத் தூய்மை தெரியும் வரை கழிவுநீராகவே கருதப்பட வேண்டும். தரையில் கசியாத தொட்டியில் சேர்த்து, மாதிரி எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்பும் இடத்துக்கே அனுப்ப வேண்டும். ஓர் ஏரிப் பாசனத்தில் கலந்துவிட்டால், ஒரு குழியின் தீங்கு ஓர் ஆயக்கட்டின் தீங்காகிவிடும்.

மண்ணுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பள்ளிக்கூட மைதானத்தை மேடாக்கவும் கோயில் திடலை நிரப்பவும் "கொஞ்சம் மண் கொட்டிவிட்டுப் போங்கள்" என்று சாலைப் பணியாளரிடம் கேட்பது நம் வழக்கம். காசின்றிக் கிடைக்கும் மண் எங்கே தோண்டியது என்று கேட்பதில்லை. தொழிற்பேட்டையின் ஓரத்தில் தோண்டிய மண் சிதம்பரம் பக்கத்து வயலோரத்தில் கொட்டப்பட்டால், தூய ஊரிலும் கழிவு குடிபுகும். மழை அதைக் கரைத்துக் கீழே இறக்கும். சாலைக் கரைக்கு நிலக்கரிச் சாம்பலைப் பயன்படுத்தும்போதும், அது மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கவும், பக்கங்களும் மேற்புறமும் நல்ல மண்ணால் மூடப்பட்டிருக்கவும் வேண்டும். கரைக்கு மண் எடுத்த பள்ளங்களையும் அப்படியே விட்டுவிடலாகாது. நீர்மட்டம் வரை தோண்டிய பள்ளம் குப்பைக்குழியாக மாறினால், அதுவே புதிய கழிவு நிலம்.

செய்ய வேண்டுவன

பணி தொடங்குமுன்:

1. சாலையின் இருபுறமும் 500 மீட்டர் அளவுக்கு உள்ள கிணறுகள், அடிபம்புகள், ஆழ்துளைக் கிணறுகள் அனைத்தையும் எண்ணி, ஆழமும் நீர்மட்டமும் குறித்துப் பதிவேடு எழுதுக. முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிடில், பின்னர் கெட்டுப்போனதை மெய்ப்பிக்க இயலாது.

2. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் மூலம் நீரைச் சோதிப்பிக்க. உலோகச் சோதனைக்கு உரிய புட்டியையும் மாதிரி எடுக்கும் முறையையும் ஆய்வுக்கூடத்தில் கேட்டறிதல் வேண்டும். இந்தியத் தர அளவின்படி ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம். ஈயம் 0.01 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.003-க்கும், குரோமியம் 0.05-க்கும் மிகலாகாது. காய்ச்சுவதால் கிருமி சாகுமேயன்றி உலோகம் போகாது என்பதையும் இல்லத்தரசிகள் அறிந்திருத்தல் நன்று.

3. ஆழக் குழி தேவைதானா என்று பொறியாளரைக் கேட்க. கீழ்ப்பாலத்துக்குப் பதில் மேடான பாதை அமையுமா, முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பெட்டிகளை வைத்துச் சிறுபாலத்தைச் சில நாட்களில் முடிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும். கோடையில் தோண்டினால் இறைக்கும் நீர் பெரிதும் குறையும்.

பணி நடக்கும்போது:

4. குழியைச் சுற்றி இரும்புத் தகடுகளைக் களிமண் வரை அடித்து இறக்கினால், உள்ளே உள்ள நீரை மட்டும் இறைத்தால் போதும். வெளி நீர் அசையாது. செலவு கூடுதல்தான். கெட்ட நிலத்தடி நீரைத் தூய்மை செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிதே.

5. நாள்தோறும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதுக. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தாலும் போதும். உப்பளவு காட்டும் சிறு கருவி ஒன்றும் ஊராட்சியில் இருக்கலாம். அது உலோகத்தைக் காட்டாது. ஆயினும் மாறுதலை முதலில் அறிவிக்கும். அளவு திடீரென ஏறினால் இறைப்பை நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

6. வடிகாலின் ஜல்லிப் பரப்பில் குறிப்பிட்ட இடைவெளிகளில் களிமண் தடுப்பு வைக்கச் செய்க. கரை மறிக்கும் இடங்களில் போதிய நீர்வழிகள் உள்ளனவா என்று பார்க்க. 2015 வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

பணி முடிந்தபின்:

7. அடுத்த இரண்டு பருவமழைகள் முடியும்வரை அதே கிணறுகளைச் சோதித்து வருக. கழிவு தாமதமாகவே வரும்.

இவற்றோடு, கிணறு கெட்டால் மறுநாளே குடிநீர் தர மாற்று வழி என்ன என்பதையும் எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். டேங்கர் லாரியா, கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயா, அதன் செலவு யாருடையது என்பவை பணி தொடங்குமுன்னரே தீர வேண்டியவை.

சட்டமும் கிராம சபையும்

அசுத்தமடைந்த நிலங்களைக் கையாள்வதற்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகள் வெளியிட்டுள்ளது. அவற்றின்படி மாவட்ட நிர்வாகம் ஐயத்துக்குரிய இடங்களைக் கண்டறிந்து ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதற்கட்ட ஆய்வை 90 நாட்களில் முடிக்க வேண்டும். தூய்மை செய்யும் செலவு மாசு செய்தவரைச் சாரும். மாவட்ட நிர்வாகத்துக்கு இவ்விடங்கள் எவ்வாறு தெரியவரும்? ஊரார் சொன்னால்தான் தெரியவரும். எந்தப் பள்ளத்தில் எந்த ஆண்டில் கழிவு கொட்டப்பட்டது, எந்தக் கிணற்று நீர் எப்போது மஞ்சளாயிற்று என்பவை அலுவலகக் கோப்புகளைவிட முதியோர் நினைவில் தெளிவாக உள்ளன. அவற்றைக் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டால், சாலைப் பொறியாளருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

தமிழ்நாட்டில் உலக நீர் நாளாகிய மார்ச்சு 22-ஆம் நாளும் கிராம சபை கூடுகிறது. சாலைப் பணி நடைபெறும் ஊராட்சிகள் அன்று கிணற்றுப் பதிவேட்டைச் சபையின் முன் படித்துக் காட்டலாம். ஒப்பந்தக்காரரின் பொறியாளரையும் அழைத்து, குழி எங்கே, இறைத்த நீர் எங்கே, தோண்டிய மண் எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கு விடை பெறலாம். சாலைக்கு இதனால் தடை ஏதும் நேராது. விடை தெரிந்து செய்யும் வேலை பின்னர் வழக்கின்றி முடியும்.

சாலை பழுதானால் மீண்டும் தார் போட்டுச் செப்பனிட்டுவிடலாம். கெட்ட நிலத்தடி நீர் தன்னளவில் தெளிவதற்கு ஒரு தலைமுறையும் போதாமல் போகலாம். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, சாலைக்கு அளவுக்கல் நடும் நாளிலேயே கிணற்றில் கயிறு விட்டு அளக்கும் வேலையையும் தொடங்குவோமாக.